ஐந்து வாளித் தோட்டம்

நான் வீட்டிலிருந்தே தையல் வேலை செய்கிறேன். தையல் மெஷின் யன்னலோரம் இருக்கிறது. யன்னலுக்கு வெளியே வெண்டிப் பாத்தி. சட்டை தைக்கத் துணி கொண்டுவரும் பெண்கள் அளவு கொடுத்து முடிந்த பிறகும் அந்தப் பாத்தியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். "அக்கா, எங்கள் வளவும் சும்மாதான் கிடக்கிறது. எதிலிருந்து தொடங்குவது?" என்று மாதத்துக்கு ஒருவராவது கேட்காமல் போவதில்லை. சென்ற கிழமை ஒரு பிள்ளை, கலியாணமாகி ஆறு மாதம் இருக்கும், "நீங்கள் சொல்வது வீட்டுக்குப் போவதற்குள் மறந்துவிடுகிறது, எழுதித் தாருங்கள்" என்றாள். அவளுக்காக எழுதத் தொடங்கினேன். யாழ்ப்பாணத்து உரும்பிராய்ச் செம்மண்ணில், ஒன்றரைப் பரப்பு (பரப்பு எங்கள் ஊர் நில அளவு) வளவில், 1996 இல் போர்க்கால இடம்பெயர்வு முடிந்து திரும்பி வந்ததிலிருந்து நான் செய்துவருவது இது.

கிணற்றிலிருந்து தொடங்குங்கள்

விதை வாங்க ஓடாதீர்கள். மண்வெட்டியும் இப்போது வேண்டாம். கிணற்றடிக்குப் போய்ப் பத்து லீற்றர் வாளி ஒன்றை எடுத்து வையுங்கள். பத்தடிக்குப் பத்தடிப் பாத்தி ஒன்றுக்கு, பயிர் வளர்ந்து நிற்கும் காலத்தில், நாளொன்றுக்கு அந்த வாளியால் ஐந்து வாளித் தண்ணீர் வேண்டும். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் ஆறாவது வாளியும் கேட்கும். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, சமைத்து, வேலைக்குப் புறப்படும் முன் உங்களால் எத்தனை வாளி அள்ளி ஊற்ற முடியும்? ஐந்து என்றால் ஒரு பாத்தி. பத்து என்றால் இரண்டு. வளவு மூன்று பரப்பாக இருந்தாலும் முதல் வருடம் அதற்கு மேல் ஓரடிகூடக் கொத்த வேண்டாம்.

2022 ஆனி மாதத்தில், சாமான் விலை ஏறி எல்லோரும் திணறிய நேரம், அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுத்து வீட்டில் பயிர் செய்யச் சொன்னார்கள். எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு மண்வெட்டிச் சத்தம் கேட்டது. நல்ல மனதோடுதான் எல்லோரும் தொடங்கினார்கள். ஆனால் சோளகம் உச்சத்தில் நிற்கும் நேரத்தில், வளவு முழுவதையும் ஒரே நாளில் கொத்திப் போட்டவர்களின் கன்றுகள் இரண்டு கிழமையில் வாடிப் போயின. ஒரு பாத்தி போட்டவர்கள் இன்றும் ஏதோ ஒன்று வைத்திருக்கிறார்கள். அதைக் கண்ணால் கண்டதால்தான் வாளிக் கணக்கை முதலில் சொல்கிறேன்.

"மோட்டரைப் போட்டால் ஒரு நொடியில் பாயுமே" என்று கேட்பீர்கள். இங்கே வற்றாத ஆறு இல்லை. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தங்குகிறது; அதைத்தான் ஆண்டு முழுவதும் குடிக்கிறோம், குளிக்கிறோம், பயிருக்கு இறைக்கிறோம். அந்த நல்ல தண்ணீர் உவர்த் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. மளமளவென்று இறைத்தால் கீழே இருக்கும் உவர் மேலே ஏறும். கடற்கரைப் பக்கத்துக் கிணறுகள் ஆவணி, புரட்டாதியில் கரிக்கத் தொடங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். எங்கள் அப்பு துலாவில் இறைத்த காலத்தில், ஒருவர் துலாவில் ஏறி மிதிக்க ஒருவர் பட்டையைக் கவிழ்க்க, கிணறு மூச்சு விட்டு ஊறுவதற்கு நேரம் இருந்தது. மோட்டர் வைத்திருந்தால் தொட்டி ஒன்றை நிரப்பி வைத்துக்கொண்டு, அதிலிருந்து வாளியால் அள்ளி ஊற்றுங்கள். வாளி தூக்கும் கை தண்ணீரை வீணாக்காது.

உங்கள் கிணறு ஏற்கனவே சற்றுக் கரிக்கிறது என்றால் மிளகாயையும் போஞ்சியையும் கரட்டையும் விட்டுவிடுங்கள். அவை உவரைத் தாங்கா. பீற்றூட் ஓரளவு தாங்கும்.

குளிக்கும் தண்ணீர் ஓடும் பக்கம் இரண்டு வாழை வையுங்கள். அரிசி களைந்த தண்ணீர், மரக்கறி கழுவிய தண்ணீர் எல்லாம் பாத்திக்கே போகலாம். சவர்க்காரத் தண்ணீரைக் கீரைப் பக்கம் விடவே கூடாது, அது வாழைக்குப் போகட்டும்.

மண்ணுக்குச் சாப்பாடு

செம்மண் பார்க்க அழகு. உடைத்தால் பொலபொலவென்று உதிரும், தண்ணீரை உடனே இழுக்கும், உடனே கீழேயும் விட்டுவிடும். ஊற்றியதைப் பிடித்து வைக்க அதற்குள் உக்கல் இருக்க வேண்டும். எங்கள் முன்னோர் அதற்குக் கண்ட வழி குழை தாழ்த்தல். நான் செய்யும் விதம் இது: பாத்தியின் நீளத்துக்கு ஓரடி ஆழம், ஓரடி அகலத்தில் வாய்க்கால் போல வெட்டுவேன். வேலியிலிருந்து பூவரசங் குழையும் கிளிறிசிடியாக் குழையும் வெட்டி, தடித்த கம்புகளை நீக்கிவிட்டு, இலையும் இளங்கொப்புமாக வாய்க்கால் நிறையப் போட்டு ஏறி மிதிப்பேன். மேலே ஒரு கடகம் எரு. அதன்மேல் வெட்டிய மண். இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி மூன்று, நான்கு கிழமை அப்படியே விட்டுவிடுவேன். அவசரப்பட்டு அடுத்த கிழமையே கன்று வைத்தால் உக்கிக்கொண்டிருக்கும் குழையின் சூட்டில் வேர் பழுதாகும். கையை விட்டுப் பார்த்தால் மண் குளிர்ந்திருக்க வேண்டும்; குழை மணம் போய் மழை பெய்த மண்ணின் மணம் வர வேண்டும். அதுதான் நாள்.

முன்பு வீட்டுக் கூரை வேய்ந்த பழைய பனையோலையையும் வேலி ஓலையையும்கூட இப்படித்தான் தோட்டத்துக்குள் தாழ்ப்பார்கள். இப்போது ஓலை வேலி போய் மதில் வந்துவிட்டது. மதில் கட்டியவர்களைக் குறை சொல்ல நான் யார்? கட்டாக்காலி மாட்டுக்கும் ஆட்டுக்கும் பயந்துதான் கட்டுகிறார்கள். ஆனால் ஒரு பக்கமாவது கதியால் வேலியாக விட்டுவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். பூவரசு, கிளுவை, கிளிறிசிடியா, நடுநடுவே முருங்கை. மழைக்காலத்தில் ஐந்தடித் தடி வெட்டி ஓரடி ஆழத்தில் நட்டால் போதும், தானே தளிர்க்கும். வருடத்துக்கு இரண்டு தரம் குழை, நாள்தோறும் முருங்கையிலை, கோழிக்கு நிழல். அந்த வேலிதான் என் பசளைக் கடை.

எரு உக்கியதாக இருக்க வேண்டும். புதிய ஆட்டெருவைக் கொண்டுவந்து நேரே கன்றின் காலடியில் கொட்டினால் கன்று கருகும். குறைந்தது மூன்று மாதம் குவித்து மூடி வைத்த எருவில், பத்தடிப் பாத்திக்குப் பத்திலிருந்து பதினைந்து கிலோ போதும். சமையல் கழிவு, சருகு, சாணம் சேர்த்து நீங்களே கூட்டெரு செய்வதென்றால் குவியலைக் கிணற்றிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு தூரத்தில் வையுங்கள்.

சாம்பலைப் பற்றி ஒரு சொல். அடுப்புச் சாம்பல் அள்ளி அள்ளிப் போட்டால் நல்லது என்று இங்கே எல்லோரும் நம்புகிறார்கள். சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கும் எங்கள் மண்ணில் காரத்தன்மை ஏற்கனவே உண்டு. கிணற்றுத் தண்ணீரும் சுண்ணாம்புத் தண்ணீர். அதற்குமேல் சாம்பலும் சேர்ந்தால் இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாமல் போவதால் வருவது அது. இலைமேல் சாறு உறிஞ்சும் அழுக்கணவன் பூச்சி வந்தால் துணியில் கட்டி மெல்லத் தட்டிவிட மட்டும் சாம்பல் வைத்துக்கொள்ளுங்கள்.

செம்மண் இல்லாத இடங்களுக்கு நான் அறிந்தது ஒன்று உண்டு. 1995 ஐப்பசி கடைசியில் போரால் எங்கள் பகுதியான வலிகாமம் முழுவதும் வெளியேறியபோது நாங்கள் கொடிகாமத்தில் ஓர் உறவினர் வளவில் தங்கினோம். அங்கே வெறும் மணல். அந்த வீட்டு ஆச்சி மணலைத் தோண்டி, தேங்காய்ப் பொச்சை ஈரமாக்கிக் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி, மேலே எருவும் மணலும் போட்டுக் கத்தரி வைத்திருந்தார். பொச்சு தண்ணீரைப் பஞ்சு போலப் பிடித்து வைத்தது. நாங்கள் பதினொரு பேர் அந்தக் கத்தரியைச் சாப்பிட்டிருக்கிறோம். சாவகச்சேரி, வடமராட்சி மணலில் இருப்பவர்கள் குழையோடு பொச்சும் தாழுங்கள். தோண்டும்போது ஓரடியில் அலவாங்கு கல்லில் இடித்தால், கீழே போகப் பாடுபடாமல் பாத்தியை முக்கால் அடி உயர்த்திக் கட்டிவிடுங்கள்.

ஒரு பிடி யூரியா

இதை எழுதாமல் விட முடியாது. திரும்பி வந்த மூன்றாம் வருடம் என் கத்தரிக்குப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒரு பை யூரியா கொடுத்தார். பாசத்தில் கொடுத்தது. கன்றுக்கு ஒரு பிடி வீதம் போட்டேன். பத்து நாளில் இலை கரும்பச்சையாக, கைவிரித்தது போல அகன்று வந்தது, நான் மகிழ்ந்தேன். பூ வரவில்லை. வந்த பூவும் உதிர்ந்தது. மெத்தென்ற குருத்துகளில் புழு ஏறியது. அது கத்தரியோடு போய்விட்ட நட்டம்.

போகாத நட்டம் வேறு. பல வருடம் கழித்து மகளின் வயிற்றில் முதற்பிள்ளை இருந்தபோது கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். நைத்திரேற்று, குடிநீருக்குச் சொல்லப்படும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருந்தது. சுற்றியுள்ள தோட்டங்களில் எல்லோரும் பையாகப் பையாகப் போட்டதும், மலசலகூடக் குழிகளும், நான் போட்ட பிடியும் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. மண்ணுக்கும் கிணற்றுக்கும் நடுவே இங்கே பெரிய தடுப்பு எதுவும் இல்லை. வெடிப்பும் துவாரமுமாக இருக்கும் கல் எல்லாவற்றையும் கீழே விட்டுவிடும். நைத்திரேற்று கூடிய தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கக் கூடும். கொதிக்க வைத்தாலும் அது போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். பேத்தி பிறந்து ஒரு வருடம் வரை அவளுக்குக் குடிதண்ணீர் வெளியிலிருந்து வந்தது. எங்கள் வளவிலேயே கிணறு இருந்தது.

2021 இல் அரசாங்கத்தார் இரசாயனப் பசளையை ஒரேயடியாக நிறுத்தி, அந்த வருடம் முடிவதற்குள் திரும்ப விட்டார்கள். வயல்காரர்கள் பட்ட பாட்டை நான் அறிவேன். ஒரே நாளில் நிறுத்தச் சொன்னது அவர்களுக்குச் செய்த அநியாயம். ஆனால் ஐந்து வாளித் தோட்டத்துக்கு யூரியா தேவையே இல்லை. குழையும் எருவும் போதும். போதவில்லை என்று இலை சொன்னால், மாதம் ஒரு தடவை கன்றுக்கு இரண்டு சிரட்டை கூட்டெரு போட்டு மண் அணையுங்கள்.

எதை, எப்போது

நான் இரண்டு தொடக்கம் வைத்திருக்கிறேன். முதலாவது, மார்கழிக் கடைசியில் திருவெம்பாவை முடிய நாற்றுமேடை போட்டு, தைப்பொங்கல் கழிந்து மழை விட்டதும் கன்று நடுவது: கத்தரி, மிளகாய், தக்காளி. வெண்டியை நேரே பாத்தியில் ஊன்றுவது. இரண்டாவது, நல்லூர்த் திருவிழாக் காலத்தில், மழைக்கு முன்பே பந்தல் பயிர்களைப் பிடித்துவிடுவது: பாவல், புடோல், பயிற்றை. மழை தொடங்கும்போது அவை பந்தலில் ஏறி நிற்க வேண்டும். சித்திரையில் புதிதாக எதையும் தொடங்கச் சொல்ல மாட்டேன்.

முதன்முதலாகச் செய்பவர்களுக்கு ஒரே பாத்திதான் என்றால் அதில் பாதி கீரை, கால் பங்கு வெண்டி, மீதியில் நான்கு கத்தரி. கீரை 25, 30 நாளில் சட்டிக்கு வந்துவிடும்; அந்த முதல் சுண்டலைச் சாப்பிட்டவர்கள் தோட்டத்தைக் கைவிடுவதில்லை. வெண்டி ஒன்றரை மாதத்தில் காய்க்கும். கத்தரி நட்டு இரண்டு மாதம் பொறுத்தால் பிறகு பல மாதம் தரும். கிணற்றடியின் அரைநிழலில் வல்லாரையும் பொன்னாங்காணியும் ஒரு பிடி வைத்துவிடுங்கள். பசளிக் கொடியில் ஒரு முழம் வெட்டி வேலியோரம் ஊன்றுங்கள். இவற்றுக்கு நான் ஒருபோதும் விதை வாங்கியதில்லை.

விதை இனங்களில் யாழ்ப்பாணத்தில் எங்களுக்குக் கிட்ட இருக்கும் திருநெல்வேலியின் பெயரையே தாங்கிய ஊதாக் கத்தரியும் வெள்ளைப் பாவலும் உண்டு. கிடைத்தால் அவற்றை எடுங்கள். எதை வாங்கினாலும் பையில் இருக்கும் திகதியைப் பாருங்கள். ஒரு வருடம் கடையில் வாங்கிய மிளகாய் விதை ஒரு மேடை முழுக்க ஊன்றி ஏழு கன்றுதான் வந்தது, பருவமே போய்விட்டது. அன்றிலிருந்து இருபது விதையை ஈரத்துணியில் சுருட்டி வைத்துப் பார்க்கிறேன். வெண்டி, பயிற்றை என்றால் ஐந்து நாள், மிளகாய், கத்தரி என்றால் பத்து நாள் கொடுக்கலாம். குறைந்தது பதினான்கு விதை முளைத்தால்தான் மண்ணுக்குப் போகும்.

நாற்றுமேடைக்குப் பழைய மீன்பெட்டி போதும். அடியில் துளை இருக்க வேண்டும். மண், மணல், உக்கிய எரு மூன்றும் சம பங்கு. அரை விரல் நகத்தளவு ஆழத்தில் விதை. மேலே வைக்கோல், அது முளைக்கும் வரை. முளை தெரிந்த அன்றே வைக்கோலை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் கன்று நெட்டையாக வெளிறிப் போகும். நான்கு கிழமையில், ஐந்தாறு இலை வந்ததும், பின்னேரம் வெயில் தாழ நடுங்கள். கத்தரிக்குக் கன்றுக்குக் கன்று இரண்டடி, வரிசைக்கு வரிசை மூன்றடி. மிளகாய்க்கு ஒன்றரையும் இரண்டும். அவ்வளவு இடைவெளி வீண் என்று முதல் நாள் தோன்றும். இரண்டு மாதம் கழித்து உள்ளே கை நுழையாது. நட்ட கன்றுக்கு மேற்குப் பக்கம் பூவரசங் கொப்பு ஒன்றைக் குத்தி மூன்று நாள் நிழல் கொடுங்கள்.

கீரை விதை மணலோடு கலந்து தூவினால் ஒரே சீராக விழும். எறும்பு இழுத்துப் போகாமல் பாத்தியின் வரம்பைச் சுற்றி அரிசிக் குருணல் தூவுவேன். எறும்பு குருணலில் நின்றுவிடும்.

கன்று பிடித்ததும் பாத்தி முழுவதையும் மூடுங்கள். வாழைச்சருகு, வைக்கோல், காய்ந்த மாவிலை, எது கிடைத்தாலும் மூன்று விரல் தடிப்பில். இந்த மூடாக்கு இல்லாமல் ஐந்து வாளி போதாது. தண்ணீரை எப்போதும் காலடியில் ஊற்றுங்கள். "தலையில் ஊற்றாதே பிள்ளை, கன்று தலையால் குடிப்பதில்லை" என்று மாமி சொல்லுவார். இரவில் இலை நனைந்து நின்றால் நோய் வரும் என்பது அவருக்கு அனுபவத்தால் தெரிந்திருந்தது.

காலை ஆறு மணி

மருந்து அடிக்காமல் எப்படிக் காய் எடுக்கிறீர்கள் என்றுதான் அதிகம் கேட்கிறார்கள். நாள்தோறும் காலை ஆறு மணிக்கு, தேநீரைக் குடித்துவிட்டு, ஒவ்வொரு கன்றின் முன்னும் நிற்கிறேன். ஒரு பாத்தி என்றால் அதற்குப் பத்து நிமிடம் போதும்.

கத்தரியில் முதலில் குருத்தைப் பாருங்கள். இரவு தண்ணீர் குடித்த மரத்தில், எல்லாக் குருத்தும் நிமிர்ந்து நிற்கும்போது ஒரு குருத்து மட்டும் தலை கவிழ்ந்திருந்தால், அதற்குள் புழு இருக்கிறது. வாடிய இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே நகத்தால் கிள்ளி, தண்டை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். நடுவே குடைந்து போன பாதை, பாதை முழுக்க ஈரக் கழிவு, முடிவில் இளஞ்சிவப்பாக, அரிசியைவிடச் சற்றுப் பெரிதாக அது கிடக்கும். காயைத் துளைப்பதும் இதே புழுதான். குருத்தில் இருக்கும்போதே கிள்ளி எடுத்துவிட்டால் காய்க்கு வருவது பெரிதும் குறையும். கிள்ளியதைப் பாத்தியோரம் எறிந்தால் அது அந்து ஆகித் திரும்பி வரும். நான் ஒரு தகரப் பேணியில் தண்ணீர் விட்டு அதற்குள் போடுகிறேன். துளை விழுந்த காயும் பேணிக்கே.

வெண்டி இலையில் நரம்பெல்லாம் மஞ்சள் வலையாகத் தெரிந்தால் அந்தக் கன்றை அன்றே பிடுங்குங்கள். மனம் வராது. எனக்கும் வருவதில்லை. ஆனால் வெள்ளை ஈ அந்த நோயை ஒன்றிலிருந்து மற்றதற்குக் கொண்டுபோகும், மாற்று மருந்து கிடையாது. மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் பனிப்பூச்சி, கீழ்நோக்கிச் சுருண்டால் சிற்றுண்ணி. இரண்டுக்கும் இலையின் அடிப்பக்கத்தில் வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கிறேன். ஆடியில் வேப்பமரத்தின் கீழ் விழுவதைப் பொறுக்கி, தோல் நீக்கி, நிழலில் காயவைத்துக்கொள்ளுங்கள். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் பருப்பு, இடித்துத் துணியில் கட்டி இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் பிழிந்து வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்தால் இலையில் ஒட்டும். பின்னேரம் தெளிக்க வேண்டும். வெயிலில் அதன் வேகம் போய்விடும். கிழமைக்கு ஒரு தடவை.

வீட்டில் சுருட்டுப் பிடிக்கும் அப்புவோ ஐயாவோ இருந்தால், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் தக்காளியையும் மிளகாயையும் தொட விடாதீர்கள். புகையிலை, மிளகாய், தக்காளி, கத்தரி எல்லாம் ஒரு குடும்பம். புகையிலையில் வரும் தேமல் நோய்க் கிருமி பதப்படுத்திச் சுருட்டாகச் சுற்றிய பிறகும் சாகாமல் விரலில் ஒட்டி வரும். அதே காரணத்தால் ஒரு பாத்தியில் கத்தரி முடிந்த கையோடு மிளகாய் வைக்க வேண்டாம். நடுவே ஒரு தடவை பயிற்றையோ கீரையோ போகட்டும்.

பாவற்காய்க்குத் தனிப் பாடு. பிஞ்சு விரல் நீளம் வந்ததும் பழ ஈ வந்து குத்தி முட்டை இடும்; காய் வளைந்து, ஓரிடத்தில் மஞ்சளாகி, உள்ளே புழுவாகிவிடும். என்னிடம் சட்டை வெட்டி மிஞ்சிய உள்துணித் துண்டுகள் எப்போதும் கிடக்கும். ஒரு சாண் நீளத்தில், இரு விரல் அகலம் கூடுதலாக விட்டு, உறை போலத் தைத்து வைத்திருக்கிறேன், வாயில் நூல். பூ வாடி விழுந்த மறுநாளே பிஞ்சுக்கு அதை மாட்டிக் காம்பில் தளர்வாகக் கட்டுவேன். இறுக்கினால் பிஞ்சு உதிரும். ஒரு பந்தலுக்கு நாற்பது உறை. துவைத்துத் துவைத்து மூன்றாம் வருடமாகப் பாவிக்கிறேன். தைக்கத் தெரியாதவர்கள் பத்திரிகைத் தாளைக் குழலாகச் சுற்றிக் கட்டலாம், மழையில் மட்டும் நிற்காது. ஈ குத்திய காய்களைக் கூட்டெருக் குவியலில் போடாதீர்கள், கறுப்புப் பொலித்தீன் பையில் கட்டி வெயிலில் ஒரு கிழமை வையுங்கள்.

இதற்கு மேல் ஏதாவது புரியாமல் போனால், நோய் வந்த இலையைப் பறித்துக்கொண்டு கமநல சேவை நிலையத்துக்குப் போய் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள். வாயால் வர்ணிப்பதைவிட இலையைக் காட்டுவது மேல்.

பறிப்பதும் விதைக்கு விடுவதும்

வெண்டிக்காயை ஒன்றுவிட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். நுனியை வளைத்தால் டக்கென்று முறிய வேண்டும். வளைந்து கொடுத்தால் பிந்திவிட்டீர்கள். கத்தரி மினுங்கும்போதே எடுங்கள், மினுக்கம் மங்கினால் உள்ளே விதை முற்றிவிட்டது. பறிக்கப் பறிக்கத்தான் காய்க்கும்.

ஆனால் ஒரு காயை விட்டுவிடுங்கள். நல்ல மரத்தில், நோய் எட்டிப் பார்க்காத மரத்தில், நடுப்பருவத்தில் வந்த காய். என் ஆச்சி சிவப்புத் துணிக்கீறு கட்டுவார், நானும் அதையே செய்கிறேன், வீட்டில் யாரும் தவறிப் பறித்துவிடாமல் இருக்க. வெண்டியும் பயிற்றையும் மரத்திலேயே காய்ந்து சலசலக்கும் வரை நிற்கட்டும். கத்தரி மஞ்சளாகி மென்மையாகும் வரை நிற்க வேண்டும். பிறகு அறுத்து, தண்ணீரில் பிசைந்தால் நல்ல விதை அடியில் தங்கும், பதர் மிதக்கும். மிதப்பதை ஊற்றிவிட்டு, அடியில் தங்கியதை வெள்ளைத் துணியில் பரப்பி நிழலில் நான்கைந்து நாள் காயவிடுங்கள். கடையில் வாங்கிய விதைப் பையில் கலப்பினம் என்று இருந்தால் அதிலிருந்து விதை எடுக்க வேண்டாம், அடுத்த தலைமுறை தாயைப் போல வராது.

காய்ந்த விதையை உலர்ந்த சிறு போத்தலில் போட்டு மூடியை இறுக்குங்கள். தாளில் பயிரின் பெயர், மாதம், வருடம் எழுதி ஒட்டி, குசினிச் சூடு படாத அலுமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள். என்னிடம் இப்போது பத்துப் போத்தல் இருக்கிறது. எழுதித் தரச் சொன்ன பிள்ளை வெள்ளிக்கிழமை சட்டை எடுக்க வருவாள். அவளுக்கென்று வெண்டியில் இருபதும் கத்தரியில் ஒரு சிட்டிகையும் தனியாகத் தாளில் மடித்து வைத்திருக்கிறேன்.